ரேகை விழாத கட்டைவிரல்

எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது. கையெழுத்துப் போடத் தெரியாது. நிலப் பத்திரமானாலும் கூட்டுறவுச் சங்கக் கடனானாலும் இடது கட்டைவிரலில் ஊதா மையைத் தடவி ஓர் உருட்டு உருட்டிவிட்டு வந்துவிடுவார். அந்த மைத்தடம் உண்மையிலேயே அவருடையதுதானா என்று யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில்லை. கொஞ்ச காலமாக மாதாமாதம் ரேஷன் கடையில் ஒரு மிஷின் அதைப் பார்க்கிறது. பார்த்துவிட்டு, பல மாதங்களில் இல்லை என்கிறது.

"ரேகை விழல பாட்டி. கையத் தொடச்சிட்டு நல்லா அழுத்தி வைங்க."

முந்தானையில் துடைப்பார், வைப்பார். விழாது. வலது கை, அடுத்த விரல், மறுபடி இடது கை. பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பிக்கும். விற்பனையாளர் கெட்டவர் இல்லை. அவரும் பில் போட்டால்தான் அரிசி கொடுக்க முடியும். "ஊருக்கே என்னையத் தெரியும், இதுக்குத் தெரியலியே" என்று சொல்லிவிட்டுப் பையை மடித்துக்கொண்டு திரும்புவார் அப்பத்தா.

சரி, மிஷினுக்கு ஏன் தெரியவில்லை?

விரல் நுனியில் இருக்கும் வரிகள் நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, ஏறக்குறைய மூன்றாம் மாதம் தொடங்கி, உருவாகின்றன. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாக விளக்கியது. விரல் நுனியின் நடுச்சதை, நகத்தை ஒட்டிய பகுதி, முதல் மூட்டின் மடிப்பு ஆகிய மூன்று இடங்களிலிருந்து முகடுகள் அலை அலையாகக் கிளம்புகின்றன. அவை எங்கே, எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்துச் சுழியோ வளையமோ வில்லோ அமைகிறது. முகட்டை வளரச் சொல்லும் சமிக்ஞையும் அதைத் தடுக்கும் சமிக்ஞையும் போட்டி போடுவதில்தான் இந்த வரிகள் பிறக்கின்றன. வரிக்குதிரையின் கோடுகளைப் போன்ற வடிவங்கள் இப்படி வரலாம் என்று 1952-லேயே கணிதமாக எழுதிவைத்தவர் ஆலன் டூரிங். பெரிய வடிவத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்றாலும், ஒரு வரி எந்த இடத்தில் முறியும், எங்கே இரண்டாகப் பிரியும் என்பதெல்லாம் கருவுக்குள் நடக்கும் சின்னச் சின்னத் தற்செயல்கள். அதனால்தான் ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையருக்குக்கூட ரேகை வேறாக இருக்கிறது.

வடிவத்தின் அச்சு தோலின் அடியடுக்கில் இருக்கிறது. மேல்தோல் தேய்ந்தாலும் அந்த அச்சிலிருந்து அதே வரி மறுபடி எழும்பும். சிமென்ட் கலவையில் கை வைக்கும் கொத்தனாருக்கு ரேகை மழுங்கிப்போவது உண்டு. சிமென்ட்டின் காரம் தோலை அரிக்கிறது, மணல் மிச்சத்தைத் தேய்க்கிறது. அவர் சில வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தால் ரேகை திரும்பிவிடும். ஆனால் அரிசி வாங்குவதற்காக யாரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார முடியாது. வயதானவர்கள் விஷயம் வேறு. அச்சு இருக்கிறது, ஆனால் தோலின் இழுவை போய், ஈரம் வற்றி, முகடுகள் தட்டையாகி, நடுவில் சுருக்கங்கள் வெட்டிப் போகின்றன.

மிஷின் இதை எப்படிப் பார்க்கிறது? கடைகளில் பெரும்பாலும் இருக்கும் வகையில் விரல் வைக்கும் கண்ணாடிக்கு அடியிலிருந்து சாய்வாக ஒளி அடிக்கும். கண்ணாடிக்கு மேலே காற்று மட்டும் இருந்தால் அந்த ஒளி முழுவதும் திரும்பிக் கேமராவுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அதுதான். தோலின் முகடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் மட்டும் ஒளி தோலுக்குள் கசிந்துவிடுகிறது. ஆக முகடு கறுப்பு, பள்ளம் வெளுப்பு.

வறண்ட தோலில் முகடு கண்ணாடியோடு முழுதாக ஒட்டாது, திட்டுத் திட்டாகத்தான் தொடும். ஒரே கோடாக வர வேண்டியது புள்ளி புள்ளியாக வரும். கை ஈரமாக இருந்தால் எதிர்ப்பக்கத் தொல்லை: பள்ளத்தில் வியர்வை நிரம்பி, இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். "தொடச்சிட்டு வைங்க" என்பது ஈரக் கைக்குச் சரியான வைத்தியம். அப்பத்தாவின் கைக்கு அது இன்னும் கேடு. வரிசையில் நின்ற இன்னொரு அம்மா, "விரலைத் தலைமுடியில ஒரு தேய் தேய்ச்சிட்டு வையுங்க ஆத்தா" என்றார். அதுதான் இயற்பியல் தெரிந்த யோசனை. முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசை தோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள நுண்ணிய காற்று இடைவெளியை நிரப்பும், ஒளி கசியும், கோடு தொடர்ந்து தெரியும். எண்ணெய் அதிகமானால் கண்ணாடி முழுக்க இழுவிவிடும், அடுத்து வருபவர் அவதிப்படுவார்.

படம் எடுத்ததும் கணினி அதை அப்படியே ஒப்பிடுவதில்லை. வரிகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்று தேடிப் புள்ளி வைக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் இடம், அந்த இடத்தில் வரி போகும் திசை. நல்ல ரேகையில் இப்படி 30, 40 புள்ளிகளாவது தேறும். பதிவு செய்த நாளில் எடுத்த புள்ளிக்கூட்டத்தையும் இன்று எடுத்ததையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கொஞ்சம் சுழற்றி, கொஞ்சம் நகர்த்தி, எத்தனை புள்ளி ஒத்துப்போகிறது என்று கணக்கெடுக்கிறது. ராத்திரி வானத்தில் சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடிப்பது மாதிரி. மேகமாக இருந்து மூன்று நட்சத்திரம்தான் தெரிந்தால் நாமும் தடுமாறுவோம். தேய்ந்த ரேகையில் அதைவிட மோசம்: உண்மையான புள்ளிகள் மறைவதோடு, சுருக்கம் வெட்டிய இடமெல்லாம் "வரி முடியும் இடம்" என்று போலிப் புள்ளிகளாகச் சேர்ந்துவிடும்.

இந்த ஒப்பீட்டின் முடிவு ஆமாம், இல்லை என்று வருவதில்லை. ஒரு மதிப்பெண்ணாக வருகிறது. ஒரே ஆளின் விரல் இரண்டு முறை வைத்தால்கூட முழு மதிப்பெண் கிடைக்காது; அழுத்தம் மாறும், கோணம் மாறும். வேற்று ஆளின் விரலுக்கும் தற்செயலாகக் கொஞ்சம் மதிப்பெண் விழும். பாஸ் மார்க்கை மிஷின் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து இத்தனை என்று வைக்க வேண்டும். உயர்த்தி வைத்தால் கள்ளன் நுழைவது குறையும், வீட்டுக்காரனே வெளியில் நிற்பது கூடும். இறக்கி வைத்தால் தலைகீழ். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைக்க நல்ல கருவி, நல்ல படம் வேண்டும். அதே கருவியை வைத்துக்கொண்டு, பாஸ் மார்க்கை மட்டும் நகர்த்தி அதைச் சாதிக்க முடியாது.

இங்கேதான் எனக்கு வழக்கு. உங்கள் போனில் விரல் வைக்கிறீர்கள். ஆப்பிள் தன் டச் ஐடியைப் பற்றி, அந்நியர் ஒருவரின் விரல் தற்செயலாகப் பொருந்துவதற்கு 50,000-ல் 1 வாய்ப்பு என்கிறது. கறாரான பாஸ் மார்க்தான். ஆனால் ஐந்து முறை தவறினால் அதே போன் கடவு எண்ணைக் கேட்கும். போட்டுவிட்டு உள்ளே போய்விடலாம். விரல் சில நேரம் தவறும் என்று தெரிந்தே அதைச் செய்திருக்கிறார்கள். போனுக்குள் இருப்பது நம் பணம், நம் படங்கள், நம் ரகசியங்கள். ரேஷன் கடையில் தவறான ஆளை உள்ளே விட்டால் நஷ்டம் ஒரு மாத அரிசி. சரியான ஆளை வெளியே நிறுத்தினாலும் நஷ்டம் அதே அரிசிதான், ஆனால் அதை ஏற்பவர் வேறு. முதலாவதை அரசு தாங்கும்.

"5 சதவீதம்தானே தவறுகிறது" என்று ஒரு நண்பர் கேட்டார். சதவீதத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரு கடையில் 500 கார்டு, மாதம் 25 பேருக்கு ரேகை விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் வேறு வேறு 25 பேர் என்றால், ஒருவருக்கு 20 மாதத்துக்கு ஒருமுறை எரிச்சல், அவ்வளவுதான். மூன்று முறை முயன்றால் மூன்றிலும் தவற 8,000-ல் ஒரு வாய்ப்பு. ஆனால் தேய்ந்த விரல் தாயக்கட்டை இல்லை. காலையில் விழாதது மாலையிலும் விழாது, அடுத்த மாதமும் விழாது. அதே 25 பேர்தான் திரும்பத் திரும்ப நிற்பார்கள்: கொத்தனார், பாத்திரம் தேய்க்கும் அக்கா, எங்கள் அப்பத்தா. அறிக்கையில் இரண்டுமே 5 சதவீதம் என்றுதான் வரும்.

அந்த 5 பேச்சுக்குச் சொன்னதுதான். மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே ஆதார் வழி சரிபார்ப்பு தவறுவதாக வந்த மதிப்பீடுகளைத் தந்தது: குஜராத்தில் 6 சதவீதம், ராஜஸ்தானில் 37, ஜார்க்கண்டில் 49. ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் விளக்கியபோது, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி பெறுவது 88 சதவீதம் என்றார். தவறினால் சலுகையை மறுக்க வேண்டும் என்று பொருள் இல்லை என்றும் சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆதார் செல்லும் என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்த நீதிபதிகளும், சரிபார்ப்பு தவறியதற்காகத் தகுதியுள்ள யாருக்கும் உரியதை மறுக்கக் கூடாது என்பதைப் பதிவு செய்தார்கள்.

ரேகையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் ரேகை முறை கடைகளுக்கு வருவதற்கு முன், வாங்காத பருப்புக்கும் சர்க்கரைக்கும் வாங்கியதாக எஸ்எம்எஸ் வந்த கதை எங்கள் தெருவிலேயே உண்டு. அட்டைக்காரர் வராமல் பில் போட முடியாது என்றால் அந்த வேலை கடினமாகும், உண்மை. ஆனால் 20 கிலோவுக்கு 18 கிலோ நிறுத்துப் போட்டால் ரேகையால் என்ன செய்ய முடியும்? அது ஆளைத்தான் பார்க்கிறது, தராசைப் பார்ப்பதில்லை.

ரேகை இல்லாமல் போவது முதுமைக்கும் உழைப்புக்கும் மட்டும் உரியதில்லை. கேப்சிடபின் என்ற புற்றுநோய் மருந்து சிலருக்கு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். அதைச் சாப்பிட்டுவந்த 62 வயது சிங்கப்பூர்க்காரர் ஒருவரை 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை இல்லை என்று நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவர் டாக்டர் அதை மருத்துவ இதழில் எழுதினார். பிறவியிலேயே ரேகை இல்லாத குடும்பங்களும் உண்டு. 2011-ல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நிலைக்கு ஆய்வாளர்கள் வைத்த செல்லப் பெயர் "குடியேற்றத் தாமத நோய்".

ஆட்சியாளர்கள் ரேகையை நம்பத் தொடங்கிய கதையும் நம் பக்கத்தில் நடந்ததுதான். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடச் சரக்குத் தரும் ஒப்பந்தக்காரர் பின்னால் பேச்சு மாறக்கூடாது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கம் அவர் உள்ளங்கையையே மையில் பதித்து வாங்கினார். அப்புறம் 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு வந்தது. ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் கணக்கை உருவாக்கியதில் அங்கே வேலை பார்த்த அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் உழைப்பு பெரிது. முறைக்குப் பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியுடையதாகிவிட்டது. அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவரின் கையெழுத்து ரேகை. கைநாட்டு என்பதே வசவானது. இன்றைக்குப் படித்தவரும் கைநாட்டு வைக்கிறார், அவருக்கு உடனே விழுகிறது. கையெழுத்தே ரேகையாக இருந்தவருக்குத்தான் விழவில்லை.

மாற்று வழிகள் விதியில் இருக்கின்றன. போனுக்கு ஓடிபி வரும். அப்பத்தாவின் ஆதாரில் இருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பியின் நம்பர். அவன் ஷிஃப்டில் இருந்தால் போன் எடுக்க மாட்டான். கருவிழி பார்க்கும் கருவியும் வந்தது. கருவிழி வேலையால் தேயாது, அதனால் நல்ல யோசனைதான். கருவி கடையில் இருந்து, சார்ஜும் இருந்தால். நடமாட முடியாதவர்கள் வேறொருவரை அனுப்பப் படிவம் உண்டு. அப்பத்தா நன்றாக நடப்பார், அதனால் அதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்.

கடைசியில் வழி காட்டியது ஒரு பழைய யோசனை. எல்லா விரலும் ஒரே அளவு தேய்வதில்லை. பிடிப்பதும் தேய்ப்பதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். பழக்கத்தில் நாம் முதலில் நீட்டுவதும் அவற்றைத்தான். பத்து விரலையும் ஒவ்வொன்றாகச் சோதித்து எது நன்றாகப் பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஆதார் ஆணையமே தொடக்கத்தில் வகுத்திருந்தது. போன மாதம் மத்தியான வேளையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அப்பத்தாவைக் கூட்டிப்போய், விற்பனையாளரிடம் கெஞ்சி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தோம். இடது கை மோதிர விரல், முதல் தடவையே விழுந்தது. பில் சரசரவென்று வந்தது.

நேற்று கொல்லையில் கரிச்சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். இடது மோதிர விரலில் மட்டும் ஒரு துணியைச் சுற்றியிருந்தார். வெட்டிக்கொண்டாரோ என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"காயமெல்லாம் ஒண்ணுமில்லடா. அது அரிசி வாங்குற விரலு."