மேட்டை வெட்டினால் தண்ணீர் எங்கே நிற்கும்?

வேதாரண்யம் பக்கத்து மணல்மேட்டுக் கொல்லைகளுக்குப் போகும்போது என் பையில் உப்பு பார்க்கும் மீட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். பேனா அளவுதான். நுனியைத் தண்ணீரில் நனைத்தால் எண் (dS/m கணக்கில்) காட்டும், எண் ஏற ஏற உப்பு அதிகம். அங்குள்ள பழைய விவசாயிகளுக்கு அது தேவைப்படுவதில்லை. குட்டையில் ஒரு கை அள்ளிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இன்னும் ஒரு மாசம் தாங்கும் தம்பி" என்பார்கள். நான் பார்த்தால் 1.1 இருக்கும். சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே விழுந்தமாவடி, வேட்டைக்காரனிருப்பு, நாலுவேதபதி, புஷ்பவனம் என்று கோடியக்கரை வரைக்கும் கடலை ஒட்டியே மணல்மேடுகள் ஓடுகின்றன. மேற்கே இறங்கினால் டெல்டாவின் கடைமடை, களிமண், நெல். மேட்டில் வேறு உலகம். புகையிலை, நிலக்கடலை, முல்லை, மா, முந்திரி, தென்னை. கூப்பிடு தூரத்தில் கடல் இரைந்துகொண்டிருக்கும். இங்கே ஐந்தாறு அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். வெளியூர்க்காரர்கள் ஏதோ ஊற்றுக்கண் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கண்ணும் இல்லை, அதிசயமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை மணல் அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு. அதனால் கலந்துவிடாமல், அடியில் இருக்கும் கடல்நீர் மேல் மிதக்கிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது கடல்நீரை அழுத்தி வைத்திருக்கும். கேட்க நன்றாக இருக்கிறதா? அதைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து இறைத்தோ, மேட்டை வெட்டியோ, மேலே நிற்கும் தண்ணீர் மட்டத்தை நிரந்தரமாக ஓர் அடி இறக்கிவிட்டால், காலப்போக்கில் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். மேடு எவ்வளவு அகலமும் உயரமுமோ, அவ்வளவுக்கு உள்ளே தண்ணீர் நிற்கும். என்னைக் கேட்டால், மேடுதான் அந்தக் கொல்லையின் தொட்டி.

பழைய ஆட்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை, ஆனால் அதற்கு ஒத்துத்தான் நடந்திருக்கிறார்கள். சாகுபடி எல்லாம் இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில். அங்கே தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும், காற்றும் நேராக அடிக்காது. உச்சியைத் தொட மாட்டார்கள். அது இராவணன் மீசைக்கும் அடம்பங்கொடிக்கும் விட்டது. ஓரத்தில் தாழை, பனை. பள்ளத்தில் குட்டை வெட்டி, சரிவாகப் படி வைத்து, இரண்டு கையிலும் குடத்தோடு இறங்கி முகந்து, ஏறும் வழியிலேயே செடிக்குச் செடி ஊற்றிக்கொண்டு போவார்கள். மணலில் தண்ணீர் நிற்காது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊற்ற வேண்டும். ஆட்டுப் புழுக்கை, குளத்து வண்டல், சருகு என்று வருஷா வருஷம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பை ஒடிக்கிற வேலை. அதைப் பொற்காலம் என்று நான் எழுத மாட்டேன். அந்தக் குடங்களைச் சுமந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள், அவர்கள் முழங்கால்களைக் கேட்டால் தெரியும். ஆனால் ஒரு மனுஷி ஒரு நாளில் எவ்வளவு இறைக்க முடியுமோ அவ்வளவுதான் மேட்டிலிருந்து குறைந்தது. ஒரு குடத்துத் தண்ணீரை 5 எச்.பி. மோட்டார் ஓரிரு விநாடியில் வெளியே தள்ளிவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று மேடு உயரமாக இருந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவாக இருந்ததையும், மேடு அறுந்திருந்த வாய்கள் வழியாக நீர் உள்ளே பாய்ந்ததையும் இந்தக் கரையில் பலரும் பார்த்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் சவுக்கு நினைவுக்கு வந்தது. நாலுவேதபதியில் 2002இல் கின்னஸ் சாதனைக்காக ஒரே நாளில் நட்ட 80,244 கன்றுகள் ஊரைக் காத்தன என்ற பேச்சு அதற்குக் காரணம். சவுக்கு பின்வரிசையில் இருந்தால் நல்லது, எனக்கும் பிடிக்கும். கடலைப் பார்த்த முதல் மேட்டில் அதை நடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. சருகு மெத்தையாக விழுந்து, மணலைப் பிடித்து வைக்கும் கொடியை மூடிவிடுகிறது. பங்குனி ஆமை முட்டையிட வெறும் மணல் வேண்டும் என்பது இன்னொரு பக்கம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மணல்மேட்டை வெட்டுவதையும் உருமாற்றுவதையும் மத்திய அரசின் 1991 அறிவிக்கையே தடுத்தது. 2011 அறிவிக்கை மணல்மேடுகளைக் கடுமையான பாதுகாப்பு உள்ள முதல் வகையில் வைத்தது. இருந்தும் லாரி வருகிறது. "என் பட்டா நிலம், நான் சமப்படுத்துகிறேன்" என்ற பதில்தான் எல்லா இடத்திலும்.

2018 நவம்பர் 16 கஜா புயல் அந்தப் பதிலுக்கு வேகம் கொடுத்தது. தென்னை, மா எல்லாம் வேரோடு போனபின் கையில் காசில்லை. அப்போது மணலுக்கு விலை கேட்டு ஆள் வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், ஊர்ப் பெயர் வேண்டாம், இரண்டு ஏக்கர் மேட்டை ஜேசிபி வைத்து இழைத்துச் சமமாக்கினார். மணல் விற்ற பணத்தில் போர்வெல் போட்டார், நிலக்கடலை விதைத்தார். முதல் வருஷம் அருமையான விளைச்சல். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். இரண்டாம் கோடையில் இலை ஓரம் தீய்ந்து வந்தது. நோய் என்று நினைத்து மருந்தடித்திருக்கிறார். நான் போனபோது மீட்டரில் 3.8. பாசனத்துக்கு 3ஐத் தாண்டினாலே பெரும்பாலான பயிர் திணறும். நிலக்கடலை அதற்கும் முன்பே.

போரை இன்னும் 20 அடி இறக்கலாமா என்று கேட்டார். இந்தக் கரையில் நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான், இதற்கு என் பதில் எப்போதும் வேண்டாம்தான். ஆழம் போகப் போக உப்புக்குப் பக்கத்தில் போகிறோம். மேலாக, பரவலாக, இரண்டு மூன்று ஆழமில்லாத கேணி வெட்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சித்திரையில் ஒருமுறை, மழை முடிந்து தையில் ஒருமுறை உப்பு பாருங்கள். இரண்டு வருஷம் தை எண் ஏறிக்கொண்டே போனால் இறைப்பதைக் குறையுங்கள். உச்சியில் மிச்சமிருக்கும் மணலை ஒரு கூடைகூட விற்காதீர்கள்.

மண்ணில் ஏறிய உப்பு பெரிய கவலை இல்லை. சுனாமி உப்பை இந்த மணல், களிமண் வயல்களைவிடச் சீக்கிரமே மழையில் கழுவித் தள்ளியது. அடியில் ஏறிய உப்பு அப்படி இறங்குவதில்லை, அதை அழுத்தி இறக்க மேலே மேடு வேண்டும்.

அண்ணன் போரை மூடிவிட்டார். இரண்டு மழை ஆகிவிட்டது. போன தையில் அவர் கேணியில் 2.6. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவரின் குட்டை இருக்கிறது. அவர் மேட்டை யாரும் வெட்டவில்லை, மோட்டாரும் வைத்ததில்லை. முன்பு 1.1 இருந்த அந்தக் குட்டையில் இப்போது 1.9. பெரியவர் வழக்கம்போல ஒரு கை அள்ளிக் கொப்பளித்துத் துப்பினார். எத்தனை மாசம் தாங்கும் என்று சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.