பதகளிப்பு: ஆங்சைட்டிக்கு ஒரு தமிழ்ச் சொல்

‘ஆங்சைட்டி’ என்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் ‘பதற்றம்’ என்று எழுதுகின்றன. அதே பத்திரிகையின் அடுத்த பக்கத்தில், இரு தரப்பு மோதிக்கொண்ட ஊரிலும் ‘பதற்றம் நிலவுகிறது’. பதறு என்ற வினைக்குள் அவசரம் இருக்கிறது; ‘பதறாத காரியம் சிதறாது’ என்ற பழமொழி சொல்வதும் அதைத்தான். காரணம் பிடிபடாமல் மாதக்கணக்கில் மனம் கிடந்து அடித்துக்கொள்பவருக்கு அவசரம் ஏதும் இல்லையே.

யாழ்ப்பாணத்தில் இதைப் பதகளிப்பு என்பார்கள். ‘ஏன் பிள்ளை இப்பிடிப் பதகளிக்கிறாய்?’ என்று வீட்டில் கேட்கிற சொல்தான். ஈழத்து உளமருத்துவ எழுத்து அதை அப்படியே கலைச்சொல்லாக்கிக்கொண்டது. ஸ்ட்ரெஸ்ஸுக்கு நெருக்கீடு, ட்ராமாவுக்கு மனவடு என்பவையும் அங்கே புழங்குகின்றன. ‘பதைபதைப்பு’, ‘பதறல்’ ஆகியவற்றின் ஓசை பதகளிப்பிலும் கேட்கிறது. செய்தித்தாள் வாடை மட்டும் இல்லை. என் ஓட்டு இதற்கே.

ஆங்சைட்டியின் வேர் லத்தீன். ‘ஆங்கெரே’ என்றால் நெரித்தல், மூச்சு முட்ட இறுக்குதல். ஜெர்மன் ‘ஆங்ஸ்ட்’டும், மார்பு இறுகும் நோயான ‘ஆஞ்சைனா’வும் இதற்கு உறவு. வேரை மட்டும் பார்த்தால் நெருக்கீடுதான் பொருந்தும். ஆனால் அந்தச் சொல்லை ஸ்ட்ரெஸ் எடுத்துக்கொண்டுவிட்டது!

‘அச்சம்’ என்றே சொன்னால் என்ன? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன் போன்ற மேலோர்). நான்கும் வெளியே இருப்பவை, இன்னதென்று காட்டக்கூடியவை. பதகளிப்பவரிடம் ‘எதுக்குப் பயம்?’ என்று கேட்டால் பல நேரம் பதில் இருக்காது. ‘ஏதோ நடக்கப்போகுது’ என்பார். எதிரே இருக்கும் ஆபத்துக்கு அச்சம், வரப்போவதாக மனம் எண்ணுவதற்குப் பதகளிப்பு என்றே உளவியலும் பிரிக்கிறது.

ஒரு காலத்தில் பதகளிப்பின் வகைகளையெல்லாம் ‘நியூரோசிஸ்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருந்தார்கள். 1980இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்புதான் திடீர்ப் பீதியான பேனிக் கோளாறையும், பலவற்றைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதகளிப்பையும் தனித்தனி நோயாகப் பிரித்தது.

பேனிக் அட்டாக்கைப் பீதித் தாக்கு எனலாம். நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், வியர்த்துக் கொட்டும், செத்துவிடுவோம் என்று தோன்றும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கும். ஹார்ட் அட்டாக் என்று பயந்து நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடுவார்கள். ஈசிஜி சீராக இருக்கும். ‘ஒண்ணுமில்ல, டென்ஷன்தான்’ என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ‘ஒண்ணுமில்ல’தான் எனக்கு ஆகாது, இதயத்தில் ஒன்றுமில்லை என்பது வேறு, ஆளுக்கு ஒன்றுமில்லை என்பது வேறு. முதல் முறை வந்தால் இதயத்தைப் பார்த்துவிடுவது சரிதான். அது மறுபடி மறுபடி வந்து, ‘இனி எப்போது வருமோ’ என்று வெளியே போகவே அஞ்சும் நிலைதான் பேனிக் கோளாறு.

உயரம், பாம்பு என்று குறிப்பிட்ட ஒன்றின் மேல் வரும் மிகையான அச்சம்தான் ஃபோபியா. அதற்கு வெருட்சி என்றும் வெருளி என்றும் எழுதுகிறார்கள். மாடு வெருளும் என்று கிராமத்தில் சொல்வதால் பொருள் சட்டென்று புரிகிறது.

பரீட்சைக்கு முந்தின இரவின் வயிற்றுக் கலக்கமும் கடன் தவணை நாளின் படபடப்பும் நோயல்ல. காரியம் முடிந்தால் அவையும் போய்விடும். காரியம் முடிந்த பிறகும் போகாமல், தூக்கத்தையும் சாப்பாட்டையும் வேலையையும் கெடுத்தால்தான் கவனிக்க வேண்டும். பொதுப் பதகளிப்பு என்று முடிவுசெய்ய, பெரும்பாலான நாட்களில் கவலை ஆறு மாதமாவது நீடிக்கிறதா என்று அந்த அமெரிக்கக் கையேட்டின் இப்போதைய பதிப்பு பார்க்கச் சொல்கிறது. அதற்காக ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டியதில்லை. பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்கள் உள்ளன. அழைப்பவருக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. ‘ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, நெஞ்சு படபடன்னு இருக்கு’ என்றாலே போதும்.