ஆர்ச்டாப்: குவிமுகக் கிதார்

ஆர்ச்டாப் (பெயர்ச்சொல்): முகப்பலகை நடுவில் புடைத்து, ஓரங்களை நோக்கிச் சரிந்து இறங்கும் கிதார் வகை. உடல் உள்ளே கூடாக இருக்கும். முகத்தில் பெரும்பாலும் இரண்டு எஃப் வடிவத் துளைகள். தந்திகளைத் தூக்கி நிறுத்தும் 'குதிரை' என்ற கட்டை ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். தந்திகளின் அடிமுனையை உடலின் விளிம்பில் திருகிய தனித் தாங்கி பிடித்துக்கொள்ளும். ஜாஸ் கலைஞர்கள் மடியில் வைத்து வாசிக்கும் அந்தத் தடித்த, பெரிய கிதார் இதுதான்.

சொல்லின் முன்பாதி லத்தீனில் வில்லைக் குறிக்கும் 'ஆர்க்குஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் ஊரில் 'ஆர்ச்' என்றால் அண்ணா நகர் ஆர்ச் போன்ற நுழைவு வளைவுதான் நினைவுக்கு வரும். அந்தப் படத்தை இங்கே ஒதுக்கிவிட வேண்டும். இந்தப் பலகை ஒரு திசையில் மட்டும் வளைந்ததில்லை, எல்லாப் பக்கமும் சரிகிறது. ஆமை ஓட்டை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பின்பாதியான 'டாப்' கைவினைஞரின் மேசையில் பிறந்த சொல். கிதாரை முதுகு கீழே படும்படி கிடத்தினால் மேலே தெரியும் பலகை அது. வாசிப்பவர் மடியில் அது மேற்பக்கம் இல்லை, முன்பக்கம். 'மேல்வளைவுக் கிதார்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். கிதார் என்ற சொல் ஸ்பானிய 'கிதார்ரா', அதற்கு முன் அரபி, அதற்கும் முன் கிரேக்கத்தின் 'கிதாரா' என்று பின்னோக்கிப் போகும். தமிழ்நாட்டில் கிதார், கிட்டார் இரண்டும் வழங்குகின்றன, இலங்கையில் கிற்றார்.

வடிவத்தின் கதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் தொடங்குகிறது. அங்கே மேண்டலினும் கிதாரும் செய்துகொண்டிருந்த ஆர்வில் கிப்சன் 1898-இல் தம் செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார். வளைத்து ஒட்டிய மரம் இழுவிசையிலேயே இருப்பதால் நன்றாக அதிராது என்பது அவர் வாதம். ஆகவே வயலின் முகத்தைப் போலப் பலகையைக் குடைந்தே வடிவம் எடுத்தார். பக்கங்களைக்கூட வளைக்காமல் மரத்திலிருந்து வெட்டி எடுக்கச் சொன்னார். பக்கங்களைப் பற்றிய யோசனை நிலைக்கவில்லை, முகத்தைப் பற்றியது நிலைத்தது. 1902-இல் அவர் பெயரில் நிறுவனம் அமைந்தது. அங்கு பணியாற்றிய லாய்ட் லோர் காலத்தில், 1922-இல் எல்-5 என்ற கிதார் வந்தது. வட்டத் துளை போய் வயலினின் எஃப் துளைகள் கிதார் முகத்தில் ஏறின. இன்று நாம் ஆர்ச்டாப் என்று அடையாளம் காணும் உருவம் அதுதான்.

தேவை நடன இசைக்குழுக்களிலிருந்து வந்தது. ஊதுகருவிகளுக்கும் முரசுகளுக்கும் நடுவே தட்டைமுகக் கிதார் கேட்காது. குவிந்த முகம் கனமான தந்திகளின் கீழ்நோக்கிய அழுத்தத்தைத் தாங்கும். ஒலி சட்டென எழுந்து சட்டென அடங்கும். தாளத்துக்கு அது நல்லது. கவுன்ட் பேசியின் ஜாஸ் குழுவில் ஃப்ரெடி கிரீன் பல பத்தாண்டுகள் மின்னிணைப்பு இல்லாமலே இந்தக் கிதாரில் தாளத்துக்கு ஒன்றாக நாலு தட்டு வாசித்தார். 1934-இல் 18 அங்குல அகலத்தில் கிப்சனின் சூப்பர் 400 வந்தது. பெயரிலுள்ள எண் அதன் டாலர் விலை. 1936-இல் அதே நிறுவனத்தின் இ.எஸ்.-150 மின்னிணைப்போடு வந்தது, ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதை ஒற்றைச்சுர வாசிப்புக்குக் கொண்டுபோனார். பிறகு சத்தத்துக்காக உடலைப் பெருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மற்ற மொழிகள் இதை வேறு கண்ணால் பார்த்தன. ஜெர்மானியர் 'ஷ்லாக்கிதாரெ' என்றனர், அடித்து வாசிக்கும் கிதார் என்று பொருள். பிரிட்டனில் மீட்டுதுண்டால் வாசிப்பது என்ற பொருளில் 'பிளெக்ட்ரம் கிதார்' என்றனர். செல்லோவை நினைத்து 'செல்லோ கிதார்' என்றவர்களும் உண்டு.

பெயர் முகத்தின் வடிவத்தை மட்டும் சொல்வதால் குழப்பமும் வருகிறது. கிப்சனின் 'லெஸ் பால்' எலக்ட்ரிக் கிதாரின் முகமும் குடைந்து குவித்ததுதான், ஆனால் உள்ளே கட்டை. அதை யாரும் ஆர்ச்டாப் என்று விற்பதில்லை. 1958-இல் வந்த இ.எஸ்.-335 குவிந்த முகமும் எஃப் துளைகளும் கொண்டது, ஆனால் நடுவில் ஒரு மரக்கட்டை முழு நீளத்துக்கு ஓடுகிறது. விளம்பரத்தில் 'ஆர்ச்டாப்' என்று கண்டாலும், துளை வழியே பார்த்து உள்ளே கட்டை இருக்கிறதா, முழுக் கூடா என்று கேட்டுவிட வேண்டும். எடை, ஒலி, பெருக்கியில் எழும் ஊளைச் சத்தம் எல்லாம் அதைப் பொறுத்தவை.

இனித் தமிழ்ச் சொல். 'வில்' என்று தொடங்கினால் சங்க காலத்து வில்யாழ் குறுக்கே வரும். அது வேறு கருவி. 'வளை' என்றால் மரத்தை வளைத்ததாகப் பொருள்படும். ஆர்வில் கிப்சன் எதை வேண்டாம் என்றாரோ அதையே பெயராக வைத்தது போலாகும். பள்ளி அறிவியலில் குவிவில்லை, குவிஆடி என்று படித்தவர்களுக்குக் 'குவி' உடனே விளங்கும். மரத்தைக் குடைந்தாலும், ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தினாலும் முகம் குவிந்தே இருக்கும். ஆகவே இரண்டு வகைக்கும் பொருந்தும். குவிமுகக் கிதார், அதற்கு எதிராகத் தட்டைமுகக் கிதார். பேச்சில் ஆர்ச்டாப் என்றே போகட்டும். கடையில் போய்க் குவிமுகம் கேட்டால் ஆள் விழிப்பார்.

உறுப்புகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், வீணைக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தந்திகளைத் தூக்கி நிறுத்துவது குதிரை. தந்தியின் அடிமுனையைப் பிடிப்பது நாகபாசம். சுரக்கட்டைகள் மெட்டுகள். 'பிரிட்ஜ்' என்பதைப் 'பாலம்' என்று எழுதுவது தேவையில்லாத வேலை. வீணையிலும் வயலினிலும் அது குதிரைதான்.

வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது. கீழ்ப்பகுதியின் அகலம் வழக்கமாக 16 அல்லது 17 அங்குலம் (ஏறத்தாழ 41, 43 செ.மீ.). கனம் (தடிமன்) பழைய அளவில் 3⅜ அங்குலம், அதாவது 8.6 செ.மீ. தோள்வலி வந்தால் எல்லாரும் அகலத்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி கனம்தான். உடல் தடித்திருந்தால் வலது முன்கை முகத்தைச் சுற்றி வளைந்து இறங்க முடியாமல் தோள் மேலே ஏறிவிடும், மணிக்கட்டு மடங்கிவிடும். 17 அங்குல அகலத்தில் 6 செ.மீ.க்கும் குறைந்த கனமுள்ள மெல்லுடல், 16 அங்குல முழுக் கனத்தைவிடப் பலருக்கு இதமாக இருக்கும். இன்னும் சிறியது வேண்டுமென்றால், ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் பென்சனுக்காக ஐபனெஸ் நிறுவனம் 1977-இல் கொண்டுவந்த ஜி.பி.10-இன் அகலம் 15 அங்குலத்துக்கும் குறைவு.

இடது கைக்குத் தந்தி நீளம் முக்கியம். 1949-இல் வந்த கிப்சன் இ.எஸ்.-175-இல் 24¾ அங்குலம் (62.9 செ.மீ.), எல்-5 வகையில் பின்னர் நிலைத்தது 25½ அங்குலம் (64.8 செ.மீ.). விரல் எட்டாத ஜாஸ் கார்டுகளை (பல சுரங்களை ஒன்றாக எழுப்பும் பிடிகளை) முதல் மெட்டுகளில் பிடிக்கும்போது அந்த 2 செ.மீ. வித்தியாசம் தெரியும். நீளம் கூடினால் அதே தந்தி இன்னும் இறுக்கமாகவும் நிற்கும். கழுத்தின் தலைப்பில், அதாவது தந்திகள் கழுத்தின் மேல்முனையில் தங்கும் பட்டையில், அகலம் 43 மி.மீ.யா, 44.5 மி.மீ.யா என்றும் பாருங்கள். விரலால் மீட்டுபவர்களுக்கு இரண்டாவது அளவு நல்லது. கடையில் நின்று வாசித்து முடிவெடுக்காதீர்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கிதாரை வலது தொடையில் வைத்து, 20 நிமிடமாவது வாசித்தால்தான் தோள் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது முகம் எப்படிச் செய்யப்பட்டது என்பது. குடைந்த முகத்துக்கு இரண்டு தடித்த ஸ்ப்ரூஸ் மரத்துண்டுகளை ஒட்டி, நடுவில் ஏறத்தாழ 6 மி.மீ., ஓரத்தை நெருங்கும்போது 3 மி.மீ. வரும்வரை செதுக்குவார்கள். உள்ளே நீளவாக்கில் இரண்டு சட்டங்கள், அல்லது பெருக்கல் குறிபோல் இரண்டு சட்டங்கள் ஒட்டியிருக்கும். வயலினில் உள்ளதைப் போன்ற உள்தூண் வழக்கமாக இராது. அழுத்திய முகம் மெல்லிய அடுக்குகளை அச்சில் வைத்துச் செய்தது. கண்டுபிடிப்பது எளிது: கைப்பேசி விளக்கைச் சாய்வாக எஃப் துளையின் வெட்டுவாயில் காட்டுங்கள். முகத்தில் தெரியும் மரவரி வெட்டுவாய் வழியாக அப்படியே கீழே இறங்கினால் முழுமரம். சாண்ட்விச் போல இரண்டு மூன்று கோடுகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. துளையின் ஓரத்தில் கறுப்போ வெள்ளையோ பட்டை பதித்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. அப்போது சிறு கண்ணாடியைத் துளைக்குள் விட்டு உட்புற வரியை முகத்து வரியோடு ஒப்பிட வேண்டும்.

ஒட்டுப்பலகை என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம். ஜாஸ் கலைஞர் ஜோ பாஸின் இ.எஸ்.-175 ஒட்டு மேப்பிள் மரம்தான். மேடையில் பெருக்கியோடு வாசிப்பவருக்கு அது குடைந்ததைவிட அடக்கமானது, ஈரப்பத மாற்றத்தையும் தாங்கும். வீட்டில் மின்னிணைப்பு இல்லாமல் வாசிக்கவே பெரும்பாலும் வேண்டும் என்பவர் மட்டும் குடைந்த முகத்துக்குச் செலவழிக்கலாம். புதிதாக வாங்குவோருக்கு ஒட்டுப்பலகையில் ஐபனெஸ் ஆர்ட்கோர், காட்டுச் செர்ரி மரத்தில் வரும் கோடின் ஃபிஃப்த் அவென்யூ ஆகியவை உண்டு. குடைந்ததில், வயலினில் தொடங்கிக் கிதாருக்கு வந்த ஈஸ்ட்மேன்.

பழையதை வாங்குகிறீர்கள் என்றால் குதிரையின் இரு திருகுச் சக்கரங்களைப் பாருங்கள். அவை அடிவரை இறங்கியும் தந்தி உயரமாகவே இருந்தால் கழுத்து முன்னே சாய்ந்திருக்கிறது. கழற்றி மறுபடி ஒட்டுவது பெரிய செலவு. உச்சிவரை ஏற்றியிருந்தால் முகம் அமுங்கியிருக்கலாம். அப்போது குதிரையின் கீழே ஒரு நேர்விளிம்பை வைத்துப் புடைப்பு இருபுறமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். விரல் முட்டியால் முகத்தையும் முதுகையும் மெதுவாகத் தட்டுங்கள். எங்காவது கடகடத்தால் உள்ளே சட்டம் விட்டிருக்கிறது. முகத்தைக் கீறலிலிருந்து காக்கும் தகடான பழைய செல்லுலாய்டு மீட்டுக்காப்பு உதிர்ந்து, காரமான நெடி அடித்து, அருகிலுள்ள உலோகம் பச்சை பூத்திருந்தால் அதை உடனே கழற்றிப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். அதன் ஆவி மற்ற உலோகங்களையும் அரிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் தவறு, ஆறு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றுவது. குதிரை விழும், எங்கே நின்றது என்று தெரியாமல் போகும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். துடைப்பதற்காக எல்லாவற்றையும் கழற்றியே ஆக வேண்டுமென்றால், குதிரைக் காலின் ஓரத்தில் ஒட்டுவலு குறைந்த காகித நாடாவை ஒட்டிப் பென்சிலால் குறியுங்கள்; வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வார்னிஷ் கையோடு வரும்.

குதிரை இடம் தவறினால் சுதி சேராது. தலைப்பிலிருந்து 12-ஆம் மெட்டு வரை அளந்து, அதே தூரத்தை மறுபுறம் வைத்துத் தொடங்குங்கள். 12-ஆம் மெட்டின் மேல் விரலால் தொட்டு எழுப்பும் ஒலியையும், அழுத்தி எழுப்பும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடுதலாக இருந்தால் குதிரையை நாகபாசத்தின் பக்கம் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் கழுத்தின் பக்கம். முதலாம், ஆறாம் தந்திகளைச் சரிசெய்தால் போதும். குதிரை தானாகச் சற்றுச் சாய்ந்து நிற்கும். தள்ளும்முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இல்லையென்றால் மேற்பூச்சு கீறும்.

குதிரையின் கால் முகத்தில் முழுக்கப் படிகிறதா என்று மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்த இடத்தில் ஒலி போய்ச் சேரவில்லை. உப்புத்தாளை முகத்தின்மேல் வழவழப்பான பக்கம் கீழாக ஒட்டி, காலை அதன்மேல் தேய்த்துப் பொருத்துவது தீர்வு. தந்தி உயரத்துக்கு 12-ஆம் மெட்டில் ஆறாவதற்கு 2 மி.மீ., முதலாவதற்கு 1.6 மி.மீ. நல்ல தொடக்கம்.

தந்தி தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. பழைய பாணி மரக்குதிரையின் உச்சியில் தந்திகள் தங்கும் படிகள், மூன்றாவது தந்தி உலோகச் சுற்றுடன் வரும் என்று எண்ணி வெட்டப்பட்டவை. தட்டைச் சுற்றுள்ள 12 முதல் 52 வரையிலான (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் தந்தித் தடிமன்) கட்டில் அப்படித்தான் வரும். எலக்ட்ரிக் கிதாருக்கான மெல்லிய கட்டைப் போட்டால் மூன்றாவது வெறுந்தந்தியாகிவிடும். ஐந்து தந்திகள் சுதியில் நிற்க, அது மட்டும் மேலே போகப் போக எகிறும். கிதார் பழுது என்று இதைத்தான் பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். படியை மாற்றி வெட்டிய குதிரை மேற்பாதியைப் போடலாம், அல்லது தந்தியை மாற்றலாம்.

இரைச்சல் வந்தால் உள்ளே தேடும்முன் வெளியே தொடுங்கள்: திருகுச் சக்கரம், நாகபாசத்தின் கீல், மீட்டுக்காப்பின் கால், தந்தியதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப்பின் திருகு. வாசித்துக்கொண்டே ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தினால் எது என்று தெரிந்துவிடும். பெருக்கி ஊளையிட்டால் அதற்கு முகம் காட்டி உட்காராமல் பக்கவாட்டில் நகருங்கள், கீழ்ச்சுரக் குமிழைக் குறையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் எஃப் துளைகளுக்குள் பஞ்சுநுரைத் துண்டுகளைச் செருகலாம். மின்னிணைப்பு இல்லாத ஒலி மங்கும், ஆனால் பெருக்கி ஓடும் மேடையில் அதை யாரும் கேட்கப் போவதில்லை.