நத்தைக்குப் போட்ட உப்பு மண்புழுவையும் கொல்கிறது

ஒக்டோபர் மழை தொடங்கினால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. கொழும்பில் வீட்டுத்தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். கடந்த மழையின்போது வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போனேன். கீரைப் பாத்தி முழுவதும் உப்பு.

"மூன்று பைக்கற் கொட்டினேன் தம்பி. நத்தை செத்துவிட்டது. ஆனால் வல்லாரையும் கருகுகிறதே" என்றார் அந்த அம்மா.

மண்ணைக் கிளறினேன். மண்புழுக்கள் சுருங்கிக் கிடந்தன. அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

நத்தை, கணவாய், சிப்பி எல்லாம் மொலஸ்கா எனும் மெல்லுடலிகள். உடலில் வளையங்கள் இல்லை. மென்மையான உடலைப் போர்த்திருக்கும் மென்சவ்வுதான் ஓட்டைச் சுரக்கிறது. அந்த ஓட்டுக்குக் கல்சியம் வேண்டும். தோட்டங்களை அழிக்கும் இந்தப் பெரிய ஆபிரிக்க நத்தைகள் உங்கள் மதிலில் ஏறிச் சுண்ணாம்பைச் சுரண்டுவது அதற்காகத்தான். நாக்கு அரம் போன்றது. ஆயிரக்கணக்கான நுண்பற்கள் கொண்டது. ஒரே இரவில் நாற்றுகள் காணாமற்போவதில் வியப்பில்லை.

மண்புழு வேறு இனம். அதுவும் அட்டையும் அனலிடா எனும் வளையப்புழுக்கள். மண்புழுவின் உடல் பெரும்பாலும் நூற்றுக்கு மேற்பட்ட வளையங்களாகப் பிரிந்திருக்கும். அதற்கு நுரையீரல் இல்லை, ஈரத்தோலால்தான் மூச்சுவிடுகிறது. (இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்பது பொய். பிள்ளைகளுக்குத் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.) இனம் வேறானாலும் இரண்டுக்கும் ஈரத்தோல். உப்பு இரண்டிலிருந்தும் நீரை உறிஞ்சிவிடும். நத்தை போய்ப் புதிது வரும். மண்ணைத் துளைத்துக் காற்றோட்டம் தந்த புழு அவ்வளவு விரைவில் திரும்பாது.

பாத்தியில் உப்பே வேண்டாம். மாலையில் நனைத்த சாக்கை விரித்து, அதனடியில் பப்பாசி இலைகளை வையுங்கள். காலையில் அங்கே கூடியிருக்கும் நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, வாளியில் கரைத்த அடர்ந்த உப்பு நீரில் போட்டு, செத்தபின் புதையுங்கள். அந்த நீரைச் செடிப்பக்கம் ஊற்றாதீர்கள். மண்ணுக்குள் மிளகளவில் மஞ்சள் கலந்த வெள்ளை முட்டைகள் குவியலாக இருந்தால் அவற்றையும் எடுத்து நசுக்குங்கள். ஒரு நத்தை ஒரே தடவையில் நூற்றுக்கும் மேல் இடும். ஒவ்வொரு நத்தையின் உடலிலும் ஆணும் பெண்ணும் உண்டு. முட்டையிடாத நத்தை என்று எதையும் விட்டுவைக்க முடியாது.

கையுறையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம் பருவம் இந்த நத்தைகளில் இருக்கக்கூடும். அது மனித உடலுக்குள் போனால் மூளையுறை அழற்சி வரலாம். நத்தை ஊர்ந்த கீரையை ஓடும் நீரில் இலை இலையாகக் கழுவுங்கள். மழைக்காலத்தில் பச்சையாக உண்ணும் வல்லாரைச் சம்பலைத் தவிர்த்து, கீரையைச் சமைத்தே உண்ணுங்கள். நத்தையை வைத்து விளையாடிய பிள்ளைகளின் கைகளை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.