பாதாள சாக்கடை: சொல் விளக்கம்

எங்கள் தெருவில் பழைய பாதாள சாக்கடைக் குழாயை மாற்றுகிறார்கள். தண்ணீர் வரும் பக்கத்துக் குழியை அடைத்து, மோட்டார் வைத்துக் கழிவுநீரை அடுத்த குழிக்கு இறைத்துக்கொண்டே தோண்டுகிறார்கள். நேற்று ஒரு துண்டு மேலே வந்தது. ஊறுகாய் ஜாடி போலப் பழுப்பாகப் பளபளக்கும் ஸ்டோன்வேர், அதாவது சுட்ட களிமண் குழாய். உள்ளே வேப்பமர வேர் சடைசடையாக அடைத்திருந்தது. ஓடு அப்படியே இருக்கிறது, இணைப்புகள்தான் விட்டுப்போயிருக்கின்றன.

பாதாளம் வடசொல், கீழுலகம். ஆறடிப் பள்ளத்துக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்தான். சாக்கடை என்றாலோ வாசலில் திறந்து ஓடுவதுதான் நினைவுக்கு வரும். அதனால் மழைத்தண்ணீரும் இதில் போகலாம் என்று நினைத்து மொட்டைமாடிக் குழாயை இணைத்துவிடுகிறார்கள். கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தண்ணீருக்கு மட்டும் அளவெடுத்துப் போட்ட குழாய் அது. ஐப்பசி மழையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்குகிறது. மழைக்கு உரியது மழைநீர் வடிகால்.

இதற்கான ஆங்கிலச் சொல்லான 'சூவர்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. மீன்குளத்தில் மிகுந்த நீரை வெளியேற்றும் கால்வாய் என்பதுதான் அதன் முதல் பொருள். அதில் அழுக்கே இல்லை.

நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: சுருங்கை. மணிமேகலையில் வஞ்சி நகரப் பெண்கள் கூந்தல் கழுவிய நீர் 'சுருங்கைத் தூம்பு' வழியாக அகழியில் போய் விழுகிறது. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்க்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? சுருங்கை என்ற சொல், குழல் என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது பல அறிஞர்களின் கருத்து. ஊசி போடும் சிரிஞ்சுக்கும் மூலம் அந்தக் கிரேக்கச் சொல்தான்! தூம்பு தமிழ், நீர் வெளியேறும் வழி; ஏரிகளில் இன்றும் புழங்குவது.

சரி, இன்றைக்கு என்ன சொல்வது? பேச்சுக்குப் புதைசாக்கடை போதும், செய்தித்தாள்களிலும் வருகிறது. எழுத்தில் 'கழிவுநீர்க் குழாய்' என்பதே என் தேர்வு. என்ன ஓடுகிறது என்பதை அது ஒன்றுதான் சொல்கிறது.

அப்புறம், மேன்ஹோல். 'ஆள்நுழைவுக் குழி' என்று அச்சு அசலாக மொழிபெயர்த்தோம், ஆளையும் இறக்கினோம். பாதுகாப்புக் கவசமின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சென்னைக் குடிநீர் வாரியம் இப்போது 'இயந்திர நுழைவாயில்' என்று எழுதுகிறது. புதிதாகக் கட்டிய குழியைக் காட்டி, "இதற்கு என்ன பேர்?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"மேன்ஹோல்தான் சார்."