‘சார்பான’ என்ற ஒரு சொல்லுக்காக

ஏ.எல். சோதனை முடிந்து மருமகன் வீட்டில் சும்மா இருக்கிற காலம் இது. போன கிழமை கல்லடியிலிருந்து வந்தவன், மடிக்கணினியைத் திறந்த கையோடு சத்தம் போட்டான்: “மாமா, இஞ்ச வந்து பாருங்க, என்ன எழுதி வெச்சிருக்காங்க எண்டு!”

பார்த்தேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் தமிழ்நெட் பற்றிய கட்டுரை. 1997இல் தொடங்கிய அந்தச் செய்தித்தளத்துக்கு ஆசிரியராக இருந்தவர் எங்கள் ஊர்க்காரர், ‘தராகி’ என்ற புனைபெயரில் எழுதிய சிவராம். 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்குக் கிட்ட சடலமாகக் கிடந்தவர். அவர் பெயர் வருகிற இடத்தில் மட்டக்களப்பான் சும்மா கடந்து போகமாட்டான். மருமகனுக்கு உறுத்தியது ‘புலிகளுக்குச் சார்பான’ என்ற அடைமொழி.

“அழிச்சு விடட்டா மாமா?”

“அழி. கொஞ்ச நேரத்தில திரும்ப வந்திரும். முதல்ல மேல ‘வரலாறு’ எண்டு கிடக்கிறதை அமத்து.”

விக்கிப்பீடியாவில் எதுவும் உண்மையில் அழிவதில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கட்டுரையின் முழுப் பிரதியும் புதிதாகப் பதிவாகிறது. பழையது அடியில் அப்படியே கிடக்கிறது. ஆகவே மீளமைப்பது மகா சுலபம். நீங்கள் ஒரு மணித்தியாலம் மெனக்கெட்டு மாற்றியதை இன்னொருவர் ஒரே சொடுக்கில் பழையபடி ஆக்கிவிடலாம். சண்டைக்குக் காரணமே இந்தச் சுலபம்தான் என்பேன்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பிரதிக்கும் எஸ்எச்ஏ-1 என்ற கணக்கு முறையால் ஒரு கைரேகை எடுக்கப்படுகிறது. கட்டுரை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கைரேகையின் நீளம் ஒன்றுதான், 160 பிட். ‘க்’ மேலிருக்கும் புள்ளியை எடுத்துவிட்டால்கூடக் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அப்படியானால் ஐந்தாவது பிரதிக்கும் ஏழாவது பிரதிக்கும் ஒரே கைரேகை இருந்தால் என்ன அர்த்தம்? ஆறாவதை யாரோ தூக்கி எறிந்திருக்கிறார். ஒரு வரிகூட வாசிக்காமல், யார் யாருடைய எழுத்தை எத்தனை முறை எறிந்தார் என்று கணினி எண்ணிவிடலாம்.

தாஹா யாசெரி, யானோஷ் கெர்ட்டீஸ் முதலான ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொண்டது. ஆனால் மீளமைப்பை வெறுமனே எண்ணினால் ஏமாந்து போவோம். யாரோ ஒரு பொடியன் கெட்ட வார்த்தை எழுதுவான், பழைய ஆள் ஒருவர் அதைத் துடைப்பார். அது சண்டையல்ல, கூட்டித் துப்புரவாக்குவது. அதனால் ஒருவரை ஒருவர் மாறி மாறி மீளமைத்த சோடிகளை மட்டும் எடுத்தார்கள். அந்தச் சோடியில் யார் அந்தக் கட்டுரையில் குறைவாக எழுதியவரோ, அவருடைய தொகுப்புகளின், அதாவது அவர் அதில் சேமித்த மாற்றங்களின், எண்ணிக்கைதான் அந்தச் சண்டையின் எடை. 400 தொகுப்புச் செய்தவரும் 250 செய்தவரும் மோதினால் எடை 250. 400 செய்தவர் மூன்றே மூன்று செய்தவரோடு மோதினால் எடை 3. எல்லா எடைகளையும் கூட்டி, சண்டையில் இறங்கியவர்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். அதிக எடையுள்ள சோடியைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவார்கள், அது இரண்டு பேரின் சொந்தக் கோபமாகவும் இருக்கலாமே.

அளந்து பார்த்தால் பெரும்பாலான கட்டுரைகளில் சண்டையே இல்லை. சண்டை உள்ளவற்றில் சில ஒருநாள் ஓய்ந்துவிடும், சில விட்டுவிட்டுக் கிளம்பும், மிகச் சில ஓய்வதே இல்லை.

சரி, ஓய்வது எப்படி? ஒரே பக்கத்தில் 24 மணித்தியாலத்துக்குள் மூன்றுக்கு மேல் மீளமைத்தால் ஆங்கில விக்கிப்பீடியாவில் தடை விழலாம். அது கையைக் கட்டுமே தவிர வாயைக் கட்டாது. மிச்சம் எல்லாம் பேச்சுப் பக்கத்தில், கட்டுரையோடு ஒட்டியிருக்கிற வாதாடும் இடத்தில். செய்தி நிறுவனம் என்று வந்தால் அங்கே இரட்டைச் சண்டை: அந்த நிறுவனத்தை எப்படி வர்ணிப்பது, அது சொல்வதை வேறு கட்டுரைகளுக்கு ஆதாரமாக எடுக்கலாமா. டெய்லி மெயில் என்ற பிரித்தானியப் பத்திரிகையைப் பொதுவாக ஆதாரமாகக் காட்டுவதில்லை என்று 2017இல் முடிவெடுத்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியான பொக்ஸ் நியூஸ் விடயத்தில் 2020இல் அரசியல், அறிவியல் செய்திகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றை நம்பலாமா என்பதில் இணக்கம் இல்லை என்றே பதிந்து வைத்தார்கள். இலங்கைப் போர்க் கட்டுரைகளுக்காக ‘இலங்கை நல்லிணக்கம்’ என்ற திட்டப் பக்கத்தையே திறந்தார்கள். எந்தத் தளம் எந்தப் பக்கம் சாய்கிறது, எதைப் பெயர் சொல்லி மட்டுமே பாவிக்கலாம் என்ற பட்டியல் அங்கே இருந்தது.

பெயர் சொல்வது என்பதுதான் இதில் உள்ள வித்தை. ‘சார்பான தளம்’ என்று எழுதினால் கலைக்களஞ்சியமே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். ‘சார்பானது என்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன’ என்றால் அது வெறும் தகவல், அவர்கள் சொன்னார்களா இல்லையா என்று எவரும் சரிபார்க்கலாம். அதன் பக்கத்திலேயே, தமிழர் விவகாரங்களை உலகுக்குச் சொல்வதாகத் தமிழ்நெட் தன்னைப் பற்றிக் கூறுவதையும் வைக்கலாம்.

“எனக்குத் தெரியுமே மாமா, அம்மப்பாவுக்குச் சிவராமைப் பழக்கம்,” என்றான் மருமகன்.

அம்மப்பாவின் பழக்கம் அங்கே செல்லாது. யாராவது அச்சிட்டிருக்க வேண்டும். சிவராமின் நண்பரும், மண்டூர்க் கோயிலில் கள ஆய்வு செய்தவருமான அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விட்டேக்கர் தமிழ்நெட் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையைக் காட்டலாம். நம் வாவிக்கரைக் கதையை நாமே சொன்னால் ஆதாரமில்லை, கடல் கடந்து வந்த ஒருவர் கேட்டு எழுதினால் ஆதாரம். இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டுதான். ஆனால் எதிர்ப்பக்கத்தானுடைய தாத்தாவுக்கும் ஒரு கதை இருக்குமே.

மருமகன் கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்ப நான் அழிச்சா அந்தச் சண்டைக் கணக்கில என்ர எடை ஒண்டா?”

“ஒண்டும் இல்ல. நீ அழிச்சு, அவன் திருப்பி, நீ திரும்பவும் அழிச்சாத்தான் சோடி எண்டு கணக்கு. அப்பவும் உன்ர தொகுப்பு ரெண்டுதானே, எடை ரெண்டுக்கு மேல போகாது.”