மேடையில் கேட்டதைக் கந்தோரில் சரிபார்க்கலாம்: தகவல் அறியும் உரிமை திருகோணமலையில் எப்படிப் பயன்படும்?

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, திருகோணமலையில் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். இருபது பிளாஸ்டிக் கதிரை, வேலியில் கட்டிய ஒரு மின்குமிழ், அவ்வளவுதான். பேசியவர் ஊர்க்காரர், நன்றாகவே பேசினார். சர்வதேச நாணய நிதியத்துக்குக் கொடுத்த வாக்குக்காக வற் வரியை 18 வீதமாக்கியது ஏழையின் சட்டிபானையில் கை வைத்தது போல என்றார். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவில் வசதி இல்லாதவர்கள் விடுபட்டு, வசதி இருக்கிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்றார். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஜனங்களின் வாயைக் கட்டுகிறது என்றார். கடைசியாக, எங்கள் ஒழுங்கை வடிகானுக்கு வந்த காசு எங்கே போனதென்று கேட்டார்.

பின்வரிசையில் இருந்த மாமி எழும்பி நின்றா. "தம்பி, அந்தக் காசு எவ்வளவு வந்தது? யாருக்குக் கொடுத்தவை?" என்று கேட்டா. அவருக்குத் தெரியவில்லை. தாங்கள் சபைக்குப் போனதும் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் தேடிப் பார்க்க அவர் சபைக்குப் போகும்வரை மாமி காத்திருக்க வேண்டியதில்லை. அதைத் தானே கேட்டு வாங்கும் உரிமை மாமிக்கு 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்தே இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2015இல் வந்த 19ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரையைச் சேர்த்துத் தகவல் பெறுவதை அடிப்படை உரிமை ஆக்கிவிட்டது. பேச்சுச் சுதந்திரத்துக்கும் கூட்டம் கூடும் சுதந்திரத்துக்கும் பக்கத்திலேயே இது நிற்கிறது. அதனால் கந்தோரில் போய் நிற்கும்போது உதவி கேட்க வந்தவர் போலக் குனிந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

யாரிடம் கேட்கலாம்? சட்டம் சொல்லும் "பகிரங்க அதிகாரசபை" என்ற சொல் நாம் நினைப்பதைவிட அகலமானது. பிரதேச செயலகம், கச்சேரி, மாகாணத் திணைக்களங்கள், பொலிஸ், அரச கூட்டுத்தாபனங்கள், அரசுக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனிகள் எல்லாம் இதற்குள் அடங்கும். பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனம் ஒன்று அரசாங்கத்திடமோ வெளிநாட்டு அரசிடமோ கணிசமான பணம் பெற்றால் அந்தச் சேவை பற்றி அதனிடமும் கேட்கலாம். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம், வெருகல் என்று எந்தச் சபையானாலும் சபைகளும் இதில் அடக்கம். ஒரு உறுப்பினர் தனிப்பட்ட ஆளாக இதற்குள் வரமாட்டார், அவர் இருக்கும் சபை வரும்.

எங்கள் மாகாணத்துக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. மாகாண நிர்வாகம் ஆளுநரின் கீழ் ஓடுகிறது. எங்களுக்காக எழும்பி நின்று கேள்வி கேட்க மாகாண சபையில் ஒருவரும் இல்லாத இடத்தில், தகவல் கேட்டு எழுதும் கடிதம்தான் எங்கள் கேள்வி நேரம். உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் காலம் முடிந்து, இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களின் கையில்தான் இருந்தன. ஆனால் அந்தக் காலத்துக் கோப்புகள் எங்கும் போய்விடவில்லை. சட்டம் வந்த பிறகு உருவான பதிவுகளைக் குறைந்தது 12 வருடமும், அதற்கு முன் இருந்தவற்றை 10 வருடமும் வைத்திருக்க வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? பலரும் பிழை விடும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்தச் சட்டத்தில் ஒருவரின் கருத்தைக் கேட்க முடியாது. அந்தக் கந்தோரிடம் இருக்கும் பதிவைத்தான் கேட்கலாம். "எங்கள் வடிகானை ஏன் ஒழுங்காகக் கட்டவில்லை?" என்று எழுதினால் "நிதிப் பற்றாக்குறை" என்று ஒரு வரிப் பதில் வரும். அதே கேள்வியை மாற்றி எழுதிப் பாருங்கள்: இந்த ஒழுங்கையின் வடிகான் வேலைக்கு ஒதுக்கிய தொகை, மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, கேள்விப்பத்திரம் (டெண்டர்) யாருக்குக் கிடைத்தது என்பதற்கான தீர்மானம், பணம் கொடுத்த வவுச்சரின் பிரதி. இவை கோப்பில் இருக்கும் கடதாசிகள். இருந்தால் தரவேண்டும், இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தரவேண்டும். இல்லை என்று எழுதித் தருவதும் ஒரு தகவல்தான். ஆண்டையும் இடத்தையும் வேலையின் பெயரையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விடயம் போதும். ஊர்ப் பிரச்சினை முழுவதையும் ஒரே கடிதத்தில் கொட்டினால் பதில் இழுபடும்.

இதற்கென்று ஆர்.ரி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் வெறும் வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம், கந்தோரில் இதற்கென்று இருக்கும் தகவல் அலுவலர்தான் அதை எழுதிக்கொள்ள வேண்டும். மாமிக்கு இது தெரிந்தபோது முகத்தில் வந்த தெளிவை நான் பார்த்தேன், அவவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். தமிழிலேயே எழுதுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. பதிலும் தமிழில் கேளுங்கள்.

தகவல் அலுவலரின் பெயரும் கட்டண விபரமும் கந்தோரில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அப்படி ஒரு பலகை இல்லாவிட்டாலும், அலுவலரே நியமிக்கப்படாவிட்டாலும் திரும்பி வரவேண்டாம். அந்த நிலையில் நிறுவனத்தின் தலைவர்தான் தகவல் அலுவலர் என்று சட்டம் கொள்கிறது. கடிதத்தைக் கொடுத்ததும் கிடைத்ததற்கான சீட்டை வாங்குங்கள். அல்லது பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாள் எண்ணுவது கடிதம் கந்தோருக்குக் கிடைத்த திகதியிலிருந்துதான்.

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதை இரண்டு தரம் சொல்லலாம், தப்பில்லை. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஜனங்கள் கேட்கத் தயங்குவது படிக்காததால் அல்ல, பயத்தால். "என்னத்துக்கு அக்கா இதெல்லாம்?" என்று அன்பாகக் கேட்பது போல ஒரு தொலைபேசி அழைப்பு வரும். போர்க்காலத்தில் பெயர், முகவரி எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கண்ட தலைமுறை இது, அந்த அழைப்புக்கே கை நடுங்கும். பெயரும் முகவரியும் கொடுக்கத்தான் வேண்டும், காரணம் கொடுக்கத் தேவையில்லை. அப்படி யாராவது கேட்டால், சட்டம் காரணம் கேட்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வையுங்கள். தனியே எழுதப் பயமென்றால் மாதர் சங்கம், மீனவர் சங்கம் போன்ற அமைப்பின் பெயரில் எழுதலாம். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் குடிமக்களாக இருந்தால் போதும்.

கடிதம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து இன்னும் 14 நாளுக்குள் தரவேண்டும். கோப்பு பெரிது, தூர இடத்தில் இருக்கிறது என்றால் மேலும் 21 நாள் எடுக்கலாம், ஆனால் அதை உங்களுக்கு அறிவிக்க வேண்டும். செலவு அதிகமில்லை, போட்டோகொப்பியில் முதல் நான்கு பக்கம் இலவசம்.

இனி அந்த மேடைப் பேச்சுக்கு வருவோம். அஸ்வெசும பற்றி அவர் சொன்னது ஊர் முழுக்கச் சொல்லும் குறைதான். 2023 ஜூலையில் தொடங்கிய இந்தத் திட்டம், குடும்பங்களை 22 குறிகாட்டிகளால் அளந்து வகைப்படுத்துகிறது. 2025 ஜனவரியிலிருந்து மிக வறியவர் என்ற வகைக்கு மாதம் 17,500 ரூபாயும், வறியவர் வகைக்கு 10,000 ரூபாயும். யாரோ ஒருவர் வந்து வீட்டைப் பார்த்து, ஒரு கருவியில் எதையோ பதிந்து போகிறார். பிறகு பெயர் வராது. ஏன் வரவில்லை என்று கேட்டால் "சிஸ்டம்" என்பார்கள். இங்கே உங்கள் வீட்டைப் பற்றி என்ன பதியப்பட்டது, என்ன வகையில் போட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் விபரத்தைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம். உங்களுடையதைக் கேட்கும்போது அந்தக் காரணம் செல்லாது. ஒன்று கவனம்: தகவல் கேட்பது அஸ்வெசும மேன்முறையீடு ஆகாது. அதற்கு வேறு வழி, வேறு இறுதித் திகதி. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள், பதிந்த பிழை கையில் இருந்தால் மேன்முறையீடு பலமாகும்.

வரி விடயம் வேறு மாதிரி. வற் வரி 2024 ஜனவரி 1இல் 15 வீதத்திலிருந்து 18 ஆனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இனி வரப்போகும் வரி, வட்டி, நாணயமாற்று முடிவுகளை முன்கூட்டியே வெளியிட்டால் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான பாதிப்பு வருமென்றால் மறுக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தேசிய பாதுகாப்பும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் காட்டி மறுக்கும்போது பலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. கோப்பில் ஒரு பகுதி மட்டும் மறைக்க வேண்டியதென்றால் மீதியைத் தரவேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது 9ஆம் பிரிவு. ஒரு திட்டம் தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே அதன் விபரத்தைப் பொதுமக்களுக்கும், முக்கியமாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அமைச்சர் தெரியப்படுத்த வேண்டும். வெளிநாட்டு நிதியென்றால் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல், உள்நாட்டு நிதியென்றால் 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் உள்ள திட்டங்களுக்கு இது பொருந்தும். 5 இலட்சம் இன்றைக்கு ஒரு சின்ன வீதி வேலைக்கே காணாது. அப்படியானால் திருகோணமலையில் நடக்கும் பெரிய வேலைகள் எல்லாம் இதற்குள்தான். சம்பூர் ஜனங்கள் 2006இல் இடம்பெயர்ந்து, வருடக்கணக்காக முகாமில் இருந்து காணிக்குத் திரும்பியவர்கள். அங்கே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் கட்டுமான வேலை 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதப்பட்டு 61 தாங்கிகள் ஒரு கூட்டு நிறுவனத்துக்குப் போயின. இவை நல்லதா கெட்டதா என்று வாதிடலாம், ஆனால் பக்கத்தில் இருக்கும் ஜனங்கள் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்வது முறையல்ல. உங்கள் எல்லையில் ஒரு தகடு அடித்து வேலை தொடங்கினால், முன்னறிவித்தல் எங்கே, எப்போது வெளியிட்டீர்கள் என்பதுதான் முதற் கேள்வி.

சுதந்திரம் பற்றிய பேச்சுக்கும் இந்தச் சட்டத்தில் ஒரு கூரான இடம் உண்டு. ஒருவரின் உயிரையோ தனிப்பட்ட சுதந்திரத்தையோ பற்றிய தகவல் என்றால் 14 நாள் கணக்கு இல்லை, 48 மணித்தியாலத்துக்குள் பதில் வரவேண்டும். பிள்ளையை யாரோ கூட்டிப்போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியாது என்று நிற்கும் தாய், சட்டத்தரணியைத் தேடும் அதே நேரத்தில் இதையும் எழுதிக் கொடுக்கலாம். கடிதத்தின் தலையில் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று எழுதுங்கள்.

பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எழுத வேண்டும். அவருக்கு மூன்று வாரம். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அதற்கு மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம். வேண்டுமென்றே தடுக்கும் அலுவலர் மீது ஆணைக்குழு வழக்குப் போடலாம், குற்றம் நிரூபணமானால் 50,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மாமியின் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன், கையெழுத்து அவவுடையது. 14 வேலை நாள் கடந்தும் சத்தமில்லை. மேன்முறையீடு போட்ட பிறகு ஒரு மண்ணிற உறை வந்தது. உள்ளே மூன்று தாள், மதிப்பீட்டின் பிரதியும் வவுச்சரும். 140 மீற்றர் வடிகானுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். மாமி பேரனைக் கூட்டிக்கொண்டு தையல் அளவுநாடாவோடு இறங்கிவிட்டா, நாடா காணாது என்று பிறகு மேசன் அண்ணையின் நாடாவை வாங்கினோம். கொங்கிரீட் போட்ட இடம் 92 மீற்றரில் நின்றது. அதற்கப்பால் பழைய மண் வெட்டுத்தான்.

இதற்கு நியாயமான காரணம் இருக்கலாம், வேலையைப் பாதியில் வேறு ஒழுங்கைக்கு மாற்றியும் இருக்கலாம். அதனால் இரண்டாவது கடிதத்தில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த வேலையின் அளவைப் பதிவேட்டின் பிரதி, வேலை முடிந்ததென்று கையெழுத்து வைத்த அறிக்கையின் பிரதி, இரண்டு மட்டும் கேட்டிருக்கிறோம். மாமி கலண்டரில் 14 வேலை நாளை எண்ணி, போயா நாளைத் தள்ளி, ஒரு திகதியைச் சிவப்பு மையால் வளைத்து வைத்திருக்கிறா.